பூட்டிய கார், உடைந்த கண்ணாடி

2021 டிசம்பரில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவிலும் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஓக்லண்டிலும் ஒரு விநோதம் செய்தியானது. தெருவோரம் நிறுத்திய கார்களின் டிக்கியைச் சிலர் வேண்டுமென்றே திறந்து வைத்துவிட்டுப் போனார்கள். மறதியும் இல்லை, அவசரமும் இல்லை. பின்சீட்டை மடித்துப் போட்டு, உள்ளே கார்ப்பெட்டைத் தவிர வேறொன்றும் கிடையாது என்று போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் தெரியும்படி டிக்கிக் கதவைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். இன்னும் சிலர் கதவைப் பூட்டாமல், ஜன்னலையும் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். பார்த்துவிட்டுப் போ, கண்ணாடியை மட்டும் உடைக்காதே என்று திருடனிடம் கேட்டுக்கொள்வதுதான் அதன் பொருள்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. பூட்டிய காரின் கண்ணாடியை உடைக்கிறவனுக்கு உள்ளே கிடைப்பது ஒரு பழைய சார்ஜர் வயராக இருக்கலாம். கார்க்காரருக்கோ கண்ணாடி மாற்றவே சில நூறு டாலர் ஆகிறது. அரை நாள் வேலை கெடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் நேரம் கிடைக்கும்வரை ஜன்னலில் பிளாஸ்டிக் தாளை ஒட்டிக்கொண்டு படபடவென்று ஓட்ட வேண்டும். திருட்டுப்போன பொருளைவிட உடைந்த கண்ணாடிக்கு அதிகம் செலவழித்தவர்கள் அந்த ஊரில் ஏராளம்.

அப்படியானால் காரைப் பூட்டுவதால் திருட்டு நிற்கிறதா, இல்லையா?

வருகிற திருடன் யார் என்பதைப் பொறுத்தது. நழுவலான பதில் போலத் தோன்றினாலும், போலீஸ் பதிவுகளும் ஆய்வுகளும் சுற்றிச்சுற்றி இங்கேதான் வந்து நிற்கின்றன. ஒரு வகைத் திருடனைப் பூட்டு அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறது. இன்னொரு வகைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நம்மில் பலர் இரண்டாமவனை நினைத்துப் பயந்துகொண்டு முதலாமவனுக்கு வழிவிட்டுவிடுகிறோம்.

முதலில் சான் பிரான்சிஸ்கோ கதையை முடித்துவிடலாம். அதில் பார்க்க நிறைய இருக்கிறது.

2017-இல் அந்த நகரத்தில் பதிவான கார் உடைப்புப் புகார்கள் 31,000-க்கும் மேல். சராசரியாக நாளொன்றுக்கு 85. புகார் கொடுக்காமல் தலையில் அடித்துக்கொண்டு போனவர்கள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். அலமோ ஸ்குயர், லம்பார்ட் தெரு, பேலஸ் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், ட்வின் பீக்ஸ் என்று சுற்றுலாப் பயணிகள் கேமராவோடு இறங்கும் இடங்கள்தான் திருடர்களுக்கும் பிடித்த இடங்கள். விமான நிலையத்தில் வாடகைக்கு எடுத்த கார், டிக்கி நிறையப் பெட்டிகள், ஹோட்டலுக்குப் போவதற்கு முன் ஒரு பத்து நிமிடம் போட்டோ. அந்தப் பத்து நிமிடம் போதும். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கச் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் போகிற அப்பா அம்மாக்களையும் பக்கத்து ஊர்களான ஃப்ரீமாண்டிலிருந்தோ சன்னிவேலிலிருந்தோ இதே இடங்களுக்குத்தான் அழைத்துவருகிறார்கள். பாஸ்போர்ட் இருக்கும் கைப்பை போய்விட்டால் போலீஸ் புகார் நகலை எடுத்துக்கொண்டு இந்தியத் துணைத் தூதரகத்துக்கு அலைய வேண்டும். பணம் போனதைவிட அதுதான் பெரிய தலைவலி.

உடைக்கும் விதத்தைப் பார்த்தால் பூட்டு ஏன் அங்கே எடுபடவில்லை என்பது விளங்கிவிடும். காரின் முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. அடித்தால் விரிசல் விடும், ஆனால் உதிராது. பெரும்பாலான கார்களில் பக்கக் கண்ணாடி வேறு ரகம். அதை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிரவைக்கிறார்கள். வெளிப்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது. உள்ளே இருப்பது பிறகு சுருங்கும்போது வெளிப்பரப்பை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் முழங்கையால் இடித்தாலும் அது தாங்குகிறது. ஆனால் அதைவிடக் கடினமான ஒரு கூர்முனை அந்த இறுகிய பரப்பைத் துளைத்து உள்ளே போய்விட்டால், அடக்கி வைத்திருந்த இழுவிசை முழுவதும் ஒரே நொடியில் விடுபட்டு, கண்ணாடி மொத்தமும் கல்கண்டு போல உதிர்ந்துவிடும்.

அந்தக் கூர்முனை ஸ்பார்க் பிளக்கில் இருக்கிறது. பிளக்கின் வெள்ளைப் பகுதி அலுமினியம் ஆக்சைடு பீங்கான், கண்ணாடியைவிடக் கடினமானது. அதை உடைத்து எடுத்த சுண்டுவிரல் நகமளவு சில்லு ஒன்றை லேசாக எறிந்தாலே போதும், பெரிய சத்தம்கூட வராது. கலிபோர்னியா தண்டனைச் சட்டத்தில் கன்னக்கோல் வகையறாக்களின் பட்டியலில் ஸ்பார்க் பிளக் பீங்கான் சில்லும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது என்றால் எந்த அளவுக்கு அது புழங்கியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கைதேர்ந்தவன் பின்பக்கத்துச் சின்ன முக்கோணக் கண்ணாடியை உடைத்து, கையை விட்டுப் பின்சீட்டின் லீவரை இழுத்து, சீட்டைச் சாய்த்து, டிக்கிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவான். சீட்டை மடித்துப் போட்டு டிக்கியைத் திறந்து வைத்தவர்களின் தர்க்கம் இதிலிருந்து வந்ததுதான். இதில் எந்தக் கட்டத்திலாவது கதவுப் பூட்டுக்கு வேலை வருகிறதா? இல்லை.

வேடிக்கை என்னவென்றால், திருடனுக்கு ஒரு பொருட்டாகத் தெரியாத அந்தப் பூட்டு, நீதிமன்றத்தில் அவனுக்குக் கைகொடுத்தது.

கலிபோர்னியாவின் பழைய சட்டப்படி, காருக்குள் புகுந்து திருடுவது கன்னமிடும் குற்றமாக வேண்டுமானால் கார்க் கதவுகள் பூட்டியிருந்திருக்க வேண்டும். பூட்டியிருந்தன என்று அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். கண்ணாடி சுக்குநூறாகக் கிடக்கும்போது இதையும் கேட்பார்களா என்றால், கேட்டார்கள். ஜன்னலை உடைத்தான் சரி, கதவு பூட்டியிருந்ததற்கு என்ன ஆதாரம்? கையை உள்ளே விட்டு லாக்கை எடுத்துவிட்ட பிறகு எல்லாக் கதவும் திறந்துதானே கிடக்கும்? காரின் சொந்தக்காரர் வந்து, நான் பூட்டினேன் என்று சாட்சி சொல்ல வேண்டும். அவரோ ஜப்பானிலிருந்தோ டெக்சாஸிலிருந்தோ வந்த சுற்றுலாப் பயணி. ஊருக்குத் திரும்பிப் பல மாதங்கள் ஆகியிருக்கும். ஒரு பையைப் பறிகொடுத்ததற்காக விமானம் ஏறி வந்து யார் கூண்டில் நிற்பார்கள்?

சான் பிரான்சிஸ்கோவின் மாநில செனட்டர் ஸ்காட் வீனர் இந்த ஓட்டையை அடைக்க 2018-இல் ஒரு மசோதா கொண்டுவந்தார்; தேறவில்லை. 2019-இல் இன்னொன்று, அதுவும் தேறவில்லை. 2024-இல் மூன்றாவது முயற்சி நிறைவேறி, ஆகஸ்டில் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்டார். 2025 ஜனவரி முதல் கண்ணாடியை உடைத்தோ பூட்டை நெம்பியோ திருடும் நோக்கத்தோடு காருக்குள் புகுந்தாலே குற்றம். கதவு பூட்டியிருந்ததா என்ற கேள்வி எழாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற ஒரு விஷயத்தைச் சட்டமாக்க ஏழு ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

அந்தச் சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, 2024-இல், சான் பிரான்சிஸ்கோவில் கார் உடைப்பு முந்தைய ஆண்டைவிடப் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. போலீஸ் தூண்டில் கார்களை நிறுத்தி வைத்தது, உடைத்துவிட்டு ஓடும் கும்பல்களைத் தொடர்ந்து பிடித்தது. இதே வேலையைச் செய்பவர்கள் எண்ணிக்கையில் குறைவு, செய்யும் உடைப்புகள்தான் அதிகம். அதனால் சிலரைப் பிடித்தாலே எண்ணிக்கை கீழே வருகிறது. கார்க்காரர்கள் எப்படிப் பூட்டினார்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

இத்தோடு நிறுத்தினால் பூட்டு வெறும் சம்பிரதாயம் என்றே தோன்றும். ஆனால் சான் பிரான்சிஸ்கோ உலகத்துக்கு உதாரணம் ஆகாது. பெரும்பாலான ஊர்களில் நடக்கும் கார் திருட்டு இத்தனை தேர்ச்சியானது அல்ல. இதைவிட மிகவும் சோம்பேறித்தனமானது.

அமெரிக்கப் புறநகர்களில் வீட்டு வாசல் கேமராக்கள் வந்த பிறகு இது எல்லாருக்கும் படமாகவே கிடைக்கிறது. விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கு, தலைமுக்காடு போட்ட பையன்கள் இரண்டு மூன்று பேர் தெருவில் நடந்துவருவார்கள். ஒவ்வொரு காரின் கைப்பிடியையும் ஒரு இழு. திறந்தால் உள்ளே போய் டேஷ்போர்டு அறையைக் குடைவார்கள். திறக்காவிட்டால் நின்றுகூடப் பார்க்க மாட்டார்கள், அடுத்த கார். கண்ணாடியை உடைப்பதில்லை. சத்தம் கேட்டு விளக்கு எரியும், நாய் குரைக்கும், ஓட வேண்டிவரும். ஒரு தெருவில் முப்பது கார் இருந்தால் இரண்டு காராவது திறந்திருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அப்புறம் எதற்கு உடைப்பானேன்?

ஃபுளோரிடாவின் பாஸ்கோ கவுண்டி ஷெரிஃப் அலுவலகம் இந்தப் பையன்களை மனத்தில் வைத்துத்தான் 2017 வாக்கில் ஒரு பிரசாரம் தொடங்கியது. இரவு 9 மணி ஆனதும் சமூக ஊடகத்தில் ஒரு பதிவு: கார்ப் பூட்டைப் பார், உள்ளே இருக்கும் பொருளை எடு, வீட்டுக் கதவைப் பூட்டு, வாசல் விளக்கைப் போடு. தினமும் அதே பாட்டு, கொஞ்சம் கிண்டலோடு. நாட்டின் பல காவல் துறைகள் அதைப் பிடித்துக்கொண்டன. இவ்வளவு எளிய விஷயத்துக்குப் பிரசாரமா என்று கேட்கலாம். திறந்து கிடந்த காரிலிருந்து போன பொருளுக்குத்தான் அந்தக் காவல் நிலையங்கள் நாள் முழுவதும் புகார் எழுதிக்கொண்டிருந்தன.

டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரத்தில் இந்த விஷயத்துக்கு வேறு முகம். அங்கே காரில் இருப்பது லேப்டாப் மட்டும் அல்ல, துப்பாக்கியும்தான். நகரக் காவல் துறை எத்தனை துப்பாக்கிகள் கார்களிலிருந்து திருடுபோயின என்று வாரந்தோறும் கணக்கு வெளியிடுகிறது. சில ஆண்டுகளில் அது ஆயிரத்தைத் தாண்டியிருக்கிறது. நகரத்தில் களவுபோகும் துப்பாக்கிகளில் பெரும்பகுதி கார்களிலிருந்து போவதுதான். கதவைப் பூட்டாத ஒருவரின் அசட்டை அவரது பணப்பையோடு முடிந்துவிடுவதில்லை. அந்தத் துப்பாக்கி அடுத்த வாரம் வேறொரு தெருவில் வெடிக்கலாம்.

ஆக, கைப்பிடியை இழுத்துப் பார்க்கிறவனுக்குப் பூட்டுதான் மருந்து. செலவில்லாத மருந்தும்கூட.

ஆனால் பூட்டினோமா என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் மால் வாகன நிறுத்தங்களில் நடக்கும் தந்திரம் இது: நீங்கள் இறங்கி நடந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல், முதுகுக்குப் பின்னால் ரிமோட்டை அழுத்துகிறீர்கள். அதே நொடியில் பக்கத்துக் காரில் உட்கார்ந்திருப்பவன் வீட்டுக் கேட்டைத் திறக்கும் சாதாரண ரிமோட்டை அழுத்திப் பிடித்திருக்கிறான். இரண்டு ரேடியோ அலைகளும் மோதிக்கொள்ள, உங்கள் காருக்குச் செய்தி போய்ச் சேர்வதில்லை. நீங்கள் லிஃப்ட் ஏறும்போது அவன் கதவைத் திறந்து, நிதானமாகப் பையை எடுத்துக்கொண்டு போகிறான். கண்ணாடி உடையவில்லை, பூட்டு நெம்பப்படவில்லை. பூட்டினேன் என்று நீங்கள் சத்தியம் செய்வீர்கள். ரிமோட்டை அழுத்திய பிறகு கைப்பிடியை ஒருமுறை கையால் இழுத்துப் பார்க்கச் சொல்லி அந்நாட்டுக் காவல் துறை எச்சரிப்பது இதனால்தான். திருடன் செய்கிற அதே சோதனையை அவனுக்கு முன்னால் நாம் செய்துவிட வேண்டும்.

இதுவரை பேசியது காருக்குள் இருக்கும் பொருளைப் பற்றி. காரையே கிளப்பிக்கொண்டு போவது தனிக் கதை.

2021 வாக்கில் மில்வாக்கி நகரத்தில் தொடங்கி, 2022 கோடையில் டிக்டாக் வழியாக அமெரிக்கா முழுக்கப் பரவியது 'கியா பாய்ஸ்' கூத்து. 2011 முதல் 2021 வரையிலான பல கியா, ஹூண்டாய் மாடல்களில், சாவியைத் திருகிக் கிளப்பும் மலிவு ரகங்களில், இம்மொபிலைசர் வைக்காமலே அமெரிக்காவில் விற்றிருந்தார்கள். சரியான சாவியில் உள்ள சிப்பை அடையாளம் கண்டால்தான் எஞ்சின் ஓடும் என்கிற ஏற்பாடுதான் இம்மொபிலைசர். அது இல்லாத காரில் பின்ஜன்னலை உடைத்து உள்ளே போய், ஸ்டியரிங் தண்டின் பிளாஸ்டிக் மூடியைப் பிய்த்து, சாவித் துளைக்குப் பின்னால் இருக்கும் முனையை ஒரு யுஎஸ்பி வயரின் செவ்வக முனையால் திருகினால் வண்டி கிளம்பிவிடும். ஓட்டுநர் உரிமம் எடுக்கும் வயதுகூட ஆகாத பிள்ளைகள் கிளப்பிக்கொண்டு போனார்கள். 14 விபத்துகள், 8 சாவுகள் என்று 2023 பிப்ரவரியில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கணக்குச் சொன்னது. 2015-ஆம் ஆண்டு மாடல்களில் மற்ற கம்பெனிக் கார்களில் 96 சதவீதத்துக்கு இம்மொபிலைசர் இருந்தது; இந்த இரண்டு கம்பெனிகளின் கார்களில் 26 சதவீதத்துக்குத்தான் இருந்தது. சில்லறைக் காசை மிச்சம்பிடித்ததற்குக் கம்பெனிகள் பிறகு வழக்கிலும் சமரசத் தொகையிலும் கொட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இங்கேதான் பூட்டு எதிர்பாராத இடத்தில் தலைகாட்டுகிறது. சுமார் 83 லட்சம் கார்களுக்கு இலவசமாக மென்பொருள் மாற்றித் தருவதாகக் கம்பெனிகள் அறிவித்தன. கதவை ரிமோட்டால் பூட்டினால் எஞ்சின் கிளம்பாதபடி அந்த மென்பொருள் தடுத்துவிடும். ரிமோட்டால் பூட்ட வேண்டும். உள்ளே இருக்கும் பட்டனை அமுக்கிவிட்டுக் கதவைச் சாத்தினால் தடுப்பு வேலை செய்யாது. அமெரிக்க இன்சூரன்ஸ் ஆய்வு நிறுவனம் 2024-இல் பார்த்தபோது, மாற்றம் செய்த கார்களில் திருட்டு க்ளெய்ம்கள் 53 சதவீதம் குறைவாக இருந்தன. இன்னும் குறையாததற்கு ரிமோட்டை அழுத்தாத கை ஒரு காரணம். அதே கார்களில் கண்ணாடி உடைப்பு, சேதம் பற்றிய க்ளெய்ம்கள் மட்டும் குறையவில்லை. மென்பொருள் மாறியிருப்பது வெளியே நிற்கிற பையனுக்குத் தெரியாதே. உடைத்து உள்ளே போய்த் திருகிப் பார்த்துத்தான் ஏமாந்துபோகிறான்.

கார் திருட்டைப் பெரிய அளவில் குறைத்தது கதவுப் பூட்டு கிடையாது, இந்த இம்மொபிலைசர்தான். ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களுக்கு அது கட்டாயம். நெதர்லாந்தின் யான் வான் அவுர்ஸ், பென் வொல்லார்ட் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டதில் 1995 முதல் 2008 வரை அந்நாட்டுக் கார் திருட்டை அது சுமார் 40 சதவீதம் குறைத்திருந்தது. அதற்கும் முன்னால் ஸ்டியரிங் பூட்டு விஷயத்தில் ஐரோப்பா ஒரு பாடம் படித்திருந்தது. மேற்கு ஜெர்மனி 1960-களின் தொடக்கத்தில் பழைய கார், புதிய கார் எல்லாவற்றுக்கும் ஸ்டியரிங் பூட்டைக் கட்டாயமாக்கியது, திருட்டு குறைந்தது. பிரிட்டன் 1971-இல் புதிய கார்களுக்கு மட்டும் கட்டாயமாக்கியது. திருடர்கள் பழைய கார் பக்கம் போய்விட்டார்கள். என் பூட்டு என் காரைக் காப்பாற்றுகிறது, பக்கத்து வீட்டுக்காரர் காருக்கு ஆளை அனுப்பி வைக்கிறது என்ற சந்தேகம் வருகிறவர்களுக்கு இந்தப் பிரிட்டன் அனுபவமே பதில். எல்லாரும் பூட்டினால்தான் மொத்தக் கணக்கு இறங்கும்.

அப்புறம் வந்தது சாவியைப் பையிலிருந்து எடுக்காமலே திறக்கும் கார். சொகுசுதான். 2011-இல் சுவிட்சர்லாந்தின் ஈடிஹெச் சூரிக் ஆய்வாளர்கள் 8 கம்பெனிகளின் 10 மாடல்களைச் சோதித்துப் பார்த்தார்கள். பத்தையும் திறந்து, கிளப்பியும் காட்டினார்கள். ஒருவன் உங்கள் வீட்டு வாசலில் ஆன்டெனாவோடு நிற்கிறான், இன்னொருவன் கார் அருகே. ஹாலில் ஆணியில் தொங்கும் சாவியின் அலையை முதலாமவன் வாங்கி இரண்டாமவனுக்கு அனுப்புகிறான். சாவி பக்கத்தில் வந்துவிட்டது என்று நம்பிக் கார் கதவைத் திறந்துவிடுகிறது. பூட்டு உடையவில்லை, ஏமாந்தது. இதற்கும் அடுத்த படியாக, சிலர் முன்பக்கப் பம்பரை நெம்பி, ஹெட்லைட்டுக்குப் பின்னால் போகும் வயரில் ஒரு கருவியைச் செருகி, சாவி வந்துவிட்டதாகக் காரின் கணினிக்குப் பொய்ச் செய்தி அனுப்புகிறார்கள். லண்டனில் இப்படித் தன் டொயோட்டா ராவ்4-ஐப் பறிகொடுத்தவர் கார்ப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் இயன் டேபர். அவர் இதை நோண்டிப் பார்த்துக் கண்டறிந்ததை 2023-இல் கென் டிண்டெல் என்ற நிபுணர் விரிவாக எழுதினார். கருவியைச் சாதாரண ப்ளூடூத் ஸ்பீக்கர் டப்பாவுக்குள் ஒளித்து விற்றுக்கொண்டிருந்தார்கள்.

கனடாவின் டொரன்டோ வட்டாரத்தில், ஸ்கார்பரோவிலும் மார்க்கமிலும் வாழும் ஈழத்தமிழர்களிடம் கேட்டால் இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். நாடு முழுக்க ஆண்டுக்குச் சுமார் 90,000 கார்கள் திருடுபோவதாக அரசே சொல்லி, 2024 பிப்ரவரியில் ஒட்டாவாவில் தேசிய மாநாடு கூட்டியது. 2023-இல் இன்சூரன்ஸ் க்ளெய்ம் 150 கோடி டாலரைத் தாண்டியது. இரவில் டிரைவ்வேயில் நின்ற கார், சில நாட்களில் மான்ட்ரியால் துறைமுகத்தில் கன்டெய்னருக்குள். நீதித்துறை அமைச்சரின் உபயோகத்துக்கு விட்ட அரசு வாகனமே ஒருமுறைக்கு மேல் திருடுபோனது. கார் சாவிக்காகத் திருடர்கள் வீட்டுக்குள்ளேயே புகத் தொடங்கியதும், டொரன்டோவின் எடொபிகோவில் நடந்த ஒரு குடியிருப்பாளர் கூட்டத்தில் போலீஸ்காரர் ஒருவர், சாவியை வாசற்கதவுப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள், உங்கள் மேல் கை வைக்காமல் போவார்கள் என்று சொல்ல, அது உலகச் செய்தியானது. டிக்கியைத் திறந்து வைத்த சான் பிரான்சிஸ்கோக்காரர்கள் செய்த அதே சமரசம்தான். இந்தத் தடவை காவல் துறையே சொன்னதுதான் வித்தியாசம்.

வேண்டுமென்றே பூட்டாமல் விடுவதற்கு நல்ல காரணம் உள்ள ஓர் ஊரும் கனடாவில் உண்டு. மானிடோபா மாகாணத்தின் சர்ச்சில். அங்கே தெருவுக்குள் துருவக் கரடி வரும். ஓடுகிறவர் ஏறி ஒளிந்துகொள்ளட்டும் என்று காரைப் பூட்டாமல் வைப்பது ஊர் வழக்கம். நம் ஊர்த் தெருவில் துருவக் கரடி வருவதில்லை, பூட்டிவிடலாம்.

நம் ஊர் நிலவரம் வேறு. வங்கி வாசலில் பணத்தோடு காரில் ஏறுகிறவரிடம் ஒருவன் வந்து, "சார், உங்க பணம் கீழ விழுந்து கிடக்கு" என்பான். குனிந்தால் பத்து ரூபாய் நோட்டுகள் நாலைந்து இறைந்து கிடக்கும். இறங்கிப் பொறுக்கும்போது அந்தப் பக்கக் கதவு வழியாகப் பை போய்விடும். டயரில் ஆணி, என்ஜினில் ஆயில் ஒழுகல் என்று இதில் பல வகை. கவனத்தைத் திசைதிருப்பிக் கொள்ளை என்று செய்தித்தாளில் மாதம் ஒருமுறையாவது படிக்கிறோம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: பல கார்களில் சென்ட்ரல் லாக் உங்கள் கதவைத் திறக்கும்போது நான்கு கதவையும் சேர்த்தே திறந்துவிடுகிறது. முதல் அழுத்தத்தில் டிரைவர் கதவு மட்டும் திறக்கும்படி மாற்றிக்கொள்ளும் வசதி நிறைய மாடல்களில் உண்டு. மேனுவலைப் பிரித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

இன்சூரன்ஸ் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். கார் திருடுபோனால் க்ளெய்முக்கு எஃப்ஐஆரோடு இரண்டு சாவியையும் கேட்பார்கள். ஒரு சாவி இல்லை என்றாலே கேள்வி ஆரம்பமாகிவிடும். வண்டியைப் பாதுகாக்கத் தகுந்த கவனம் எடுத்திருக்க வேண்டும் என்று பாலிசியில் நிபந்தனை இருக்கிறது. சாவியை இக்னிஷனில் விட்டுவிட்டு டிரைவர் இறங்கிய நேரத்தில் லாரி களவுபோன ஒரு வழக்கில், 2023-இல் உச்ச நீதிமன்றம், இந்தக் கவனக்குறைவைக் காட்டி முழுத் தொகையையும் மறுக்க முடியாது என்று சொல்லி 75 சதவீதம் கொடுக்க உத்தரவிட்டது. உரிமையாளருக்கு ஆதரவான தீர்ப்புதான். ஆனால் கால்வாசிப் பணம் போனது போனதுதான். மீதியை வாங்கவும் உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. டீ குடிக்க இறங்கும்போது ஏசி ஓடட்டும் என்று எஞ்சினை ஓடவிட்டுப் போகிறவர்கள் இந்த வழக்கை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆக, பூட்டின் மேல் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம்? கைப்பிடியை இழுத்துப் பார்க்கும் பையனுக்கு எதிராக முழு நம்பிக்கை வைக்கலாம். கண்ணாடி உடைப்பவனுக்கு எதிராக வைக்கவே கூடாது. அவனிடமிருந்து காப்பது காலி சீட்டு மட்டும்தான். லேப்டாப் பையை டிக்கியில் வைப்பதானால் கிளம்பும் இடத்திலேயே வைத்துவிட வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் எல்லாரும் பார்க்க டிக்கியைத் திறந்து வைப்பது விளம்பரம் செய்வதற்குச் சமம். சாவியில்லாமல் திறக்கும் காராக இருந்தால், இரவில் சாவியை உலோக உறையிலோ தகர டப்பாவிலோ போட்டு, அலை வெளியே வருகிறதா என்று கார் அருகே கொண்டுபோய்ச் சோதித்துவிட வேண்டும்.

திருடனே வராத கிராமத்திலும் காரைப் பூட்டியாக வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விட அது பெரியது. 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே, நிறுத்தியிருந்த காருக்குள் விளையாடப் போன மூன்று குழந்தைகள் வெளியே வர முடியாமல் மூச்சுத்திணறி இறந்தார்கள். 2025 மே மாதம் ஆந்திராவின் விஜயநகரம் அருகே நான்கு குழந்தைகள் இதேபோல் இறந்தார்கள். அமெரிக்காவில் கார்ச் சூட்டில் இறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, பூட்டாத காருக்குள் தாமாகவே ஏறிக்கொண்ட குழந்தைகள்தான். உள்ளே ஏறத் தெரிந்த பிள்ளைக்குத் திறந்து வெளியே வரத் தெரிவதில்லை. வெயிலில் நிற்கும் காருக்குள் சில நிமிடங்களிலேயே சூடு ஏறிவிடும்.

வாசலில் நிற்கும் கார், ஷெட்டில் கிடக்கும் கார், ஓட்டாமல் போட்டு வைத்திருக்கும் பழைய கார் எதுவானாலும் பூட்டுங்கள், டிக்கியையும் சேர்த்து. சாவியைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வீட்டில் பிள்ளையைக் காணோம் என்றால் கிணறு, தொட்டி, குளம் பார்க்கும்போதே தெருவில் நிற்கும் கார்களையும் அவற்றின் டிக்கிகளையும் உடனே திறந்து பாருங்கள்.